ரஹீமின் பத்து நிமிடம்

செய்தி வந்தபோது நான் கல்குடாவில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தேன். "வாப்பா மௌத்தாயிட்டாரு, மாமா" என்றாள் தொலைபேசியில் ரஹீமின் மகள். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் நான் அழவில்லை. அன்று அஸர் தொழுகைக்குப் பின் ஏறாவூரில் அவனை அடக்கினார்கள்.

அவனை அறிந்த உங்களுக்கு நான் ஏன் அப்படிச் சும்மா நின்றேன் என்பதும் தெரிந்திருக்கும். மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டிகளைத் திருத்துவதுதான் எங்கள் இருவரின் தொழில். மின்சாரத்தை நிறுத்தினாலும் பெட்டிக்குள் ஆளைக் கொல்லுமளவு மின் தங்கியிருக்கும். அது வடியப் பத்து நிமிடம் விடுவான் ரஹீம். "லைட் அணைஞ்சா கரண்ட் போயிட்டெண்டு ஆரு சென்னது? மீட்டர் செல்லட்டும்" என்பான். என் மனைவி காலமான பிறகு, நான் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அந்தப் பத்து நிமிடங்களில்தான்.

ஆலைக்காரர்களுக்கு மோட்டர் எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் ஓட வேண்டும். "நித்திரையால எழும்பினவன உடனே ஓடச் செல்லுறீங்களா, முதலாளி?" என்று சிரித்தபடி, வேகம் மெல்ல ஏறும்படி வைத்துவிடுவான்.

பழுகாமத்தில் ஓர் அரிசி ஆலை. அறுவடைக் காலம்; நெல் மூட்டைகளோடு உழவு இயந்திரங்கள் வாசல்வரை நின்றன. முதலாளி அவசரப்படுத்த, நான் மின்சாரத்தை நிறுத்திய உடனே மூடியைக் கழற்றிக் கையை உள்ளே கொண்டுபோனேன். ரஹீம் என் கையைத் தட்டிவிட்டான். எனக்கு ரோசம் வந்துவிட்டது. "பயந்தாங்கொள்ளி! பயமெண்டா வீட்ட இரு" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவன் மீட்டரை வைத்து எனக்கு மட்டும் காட்டினான். முந்நூறு வோல்ட்டுக்கு மேல் நின்றது. மாலையில் வழக்கம்போலத் தேத்தண்ணி வாங்கித் தந்தான். பிறகு அதைப் பற்றி அவன் பேசவேயில்லை. மன்னிப்புக் கேட்க நான் நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெட்கங்கெட்டவன் நான்.

போன கிழமை அதே ஆலைக்குத் தனியாகப் போனேன். மின்சாரத்தை நிறுத்திவிட்டு நின்றேன். பேச ஆளில்லாவிட்டால் பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முதலாளியிடம் சொன்னேன்: "அண்டைக்கு ரஹீம் தடுக்காட்டி நான் செத்திருப்பன். பிழை என்னில."

அவர் என்னைப் பார்த்தார். "அண்டைக்கு வேல முடிஞ்சு போகக்குள்ள அவர் வேற மாதிரித்தானே சொன்னவர். தனக்குத்தான் வீண் பயமாம், நீங்க வேல தெரிஞ்ச ஆளாம்."

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பத்து நிமிடம்தான். அன்று அது முடிந்த பிறகும் மூடியைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. முதலாளி இம்முறை அவசரப்படுத்தவில்லை.