அரெத்தி எறியும் தொப்பிகள்

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், அரெத்தி யாராவது ஒரு கேப்டனின் தொப்பியைக் கேட்டு வாங்கி, ஒரு பலூனில் கட்டி, கடலில் எறிந்துவிடுவாள். பலூன் என்றால் படகுகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கப் பக்கவாட்டில் தொங்கவிடும் காற்றடைத்த ரப்பர் உருளை. கட்டின புருஷனையே எறிந்தவளுக்குத் தொப்பி ஒரு பொருட்டா என்று துறையில் பேசிக்கொள்வார்கள். காபிக் கடையில் சொல்லும் கதைப்படி அவள் புருஷன் ஃபோத்திஸைத் துடுப்பால் தள்ளினாள். ரொட்டிக் கடைக் கதைப்படி வெறும் கையால். கோயில் வாசலில் சிலுவை போட்டுக்கொண்டே சொல்வதால் அங்கே துடுப்பும் கிடையாது, கையும் கிடையாது. முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான், மனுஷன் விழுந்துவிட்டான்.

இதில் எல்லாருக்கும் உறுதியாகத் தெரிந்தது இவ்வளவே. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் புருஷனும் பெண்டாட்டியுமாகப் படகில் போனார்கள், அரெத்தி மட்டும் திரும்பி வந்தாள். மற்றதெல்லாம் சுற்றுலாக்காரர்கள் போய்விட்ட குளிர்காலத்தில், வேலையற்று உட்கார்ந்து நாங்கள் வளர்த்தது. நடந்ததைக் கேட்க வேண்டுமென்றால் போன ஜூனில் தெஸ்ஸலோனிக்கியிலிருந்து ஒரு பல் டாக்டர் மனைவியோடு வந்த கதையைக் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் அரெத்தியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஆள் குட்டை. தோள் மட்டும் கிரேன் மாதிரி. செத்துப்போன புருஷனின் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, இடுப்பில் சாவிக்கொத்தோடு துறை முழுக்க நடப்பாள். பையில் எப்போதும் வறுத்த சூரியகாந்தி விதை. யார் வந்தாலும் முதலில் அவர் காலைப் பார்ப்பாள், பிறகு கையை, கடைசியில்தான் முகத்தை. பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, அவர் கால் எதை எப்போது மிதிக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவாள். ஒரு தடவை மலைவளைவில் டிரைவர் தும்மியபோது இவள் பாதி எழுந்துவிட்டாளாம். அந்த டிரைவர் அவள் ஏறினாலே இப்போது கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொள்கிறார்.

வேலை என்னவென்றால் படகு கொடுப்பது. எங்கள் லெஃப்காதா தீவில் கோடை வந்தால் ஊரே அந்தத் தொழில்தான். ஏதென்ஸ்காரன், ஜெர்மன்காரன், போலந்துக்காரன் எல்லாம் ஒரு வாரத்துக்குப் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து மெகானிசி, காலமோஸ், இதாக்கி என்று தீவு தீவாகச் சுற்றிவிட்டு வருவார்கள். அரெத்தி வேலை பார்க்கும் இடத்துக்கு முதலாளி பனாயிஸ். ஃபோத்திஸின் தம்பி. அண்ணன் போன பிறகு அண்ணியைத் துறையில் வேலைக்கு வைத்துக்கொண்டான். ஊர்ப் பேச்சை அவளிடம் அவன் கேட்டதும் இல்லை, ஊர்க்காரர்கள் வாயை அடைத்ததும் இல்லை.

புருஷனோடு இருந்த காலமெல்லாம் அவள் படகில் சமைத்தவள். சுக்கானைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது அவன் போன பிறகுதான். விதவையான முதல் குளிர்காலத்திலேயே கற்றுக்கொண்டாள், என்ன அவசரம் பாருங்கள் என்று ரொட்டிக் கடையில் அதையும் சாட்சியாகச் சேர்த்துவிட்டார்கள்.

படகு எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கேப்டன்; சான்றிதழ் வைத்திருப்பவர். இன்னொருவர் எனக்கும் ஓட்டக் கொஞ்சம் தெரியும் என்று கையெழுத்துப் போடுகிறவர். அந்த இரண்டாவது கையெழுத்து எங்கள் கரையில் எப்படிப் போடப்படும் என்பது ஊரறிந்த விஷயம். கேப்டன் திரும்பிப் பார்த்து, இங்கே போடு என்பார். பெண்டாட்டி தக்காளிப் பையைக் கீழே வைத்துவிட்டுப் போடுவாள். எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான், வருஷக்கணக்காக. அரெத்தியிடம் மட்டும் அது நடக்காது. படகை அவர்களோடு விரிகுடாவுக்கு வெளியே கொண்டுபோய், கேப்டனே விழுந்துவிட்டார் என்று அவர் தொப்பியைத் தண்ணீரில் எறிந்துவிட்டு, இரண்டாவது ஆள் தனியாகப் படகைத் திருப்பி வந்து எடுக்க வேண்டும் என்பாள். எடுத்தால் சாவி. எடுக்காவிட்டால் எடுக்கும் வரை. அதற்குள் வாயைத் திறக்கும் கேப்டன் கையில் ஒரு பிடி சூரியகாந்தி விதை. “கொறிச்சிக்கிட்டிருங்க. தண்ணிக்குள்ள இருக்கறவரு பேசக் கூடாது.”

சிலர் சிரித்துக்கொண்டே செய்வார்கள். சிலர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அதற்கு முந்தின வருஷம் அப்படிப் போனவர்கள் அதிகம். அதனால்தான் அந்த ஜூன் சனிக்கிழமை காலையில் பனாயிஸ் அவளை நிறுத்தினான்.

“அண்ணி, இன்னிக்கு ஒரு தொப்பியும் தண்ணிக்குப் போகக் கூடாது. வர்றவரு அடுத்த வருஷம் டாக்டருங்க கூட்டமா நாலு படகு எடுக்கறேன்னிருக்காரு. இன்னொரு ஆளத் திருப்பி அனுப்புனீங்க, சாவி எம் மருமக கைக்குப் போயிரும்.”

“அவ படகுல கால வெச்சாலே வாந்தி எடுப்பாளேடா.”

“கரையில நின்னு சாவி குடுக்கறதுக்கு வாந்தி வராது.”

சாவி போனால் அரெத்திக்கு மிச்சம் இருப்பது படுக்கை விரிப்புகள் துவைத்து மடிக்கிற அறை. அந்த வேலை ஒன்றும் கேவலமில்லை, நிழலில் உட்கார்ந்து செய்யலாம். ஆனால் சாவி இல்லாதவள் யார் தொப்பியையும் எறிய முடியாது. பல் டாக்டர் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே இடுப்புச் சாவியை ஒரு முறை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் பெயர் லெயாந்த்ரோஸ். நல்ல உயரம், நல்ல பல். வெள்ளைத் தொப்பியில் தங்க நூலால் நங்கூரம் பின்னியிருந்தது. மனைவி மிர்சினி பின்னால் தர்ப்பூசணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் படகைச் சுற்றிப் பார்த்து, இந்தக் கடல் எனக்கு வீட்டு வாசல் மாதிரி, விளக்கமெல்லாம் வேண்டாம் என்று விட்டார். மிர்சினி ஏற்கெனவே உள்ளே அடுப்படியில் தக்காளியையும் பாலாடைக்கட்டியையும் அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

“உங்களுக்குத் தெரியும் டாக்டர். உங்களுக்கு ஒண்ணும் சொல்ல வரல,” என்று சொல்லிவிட்டு அரெத்தி அடுப்படிக்குள் தலையை நீட்டினாள். “நீங்க மேல வாங்கம்மா.”

பனாயிஸ் கரையில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டான். படகு அதற்குள் நகர்ந்துவிட்டது.

விரிகுடா முனை தாண்டியதும் தங்க நங்கூரத் தொப்பி தண்ணீருக்குள் போனது. “கேப்டன் விழுந்துட்டாரு,” என்று அறிவித்துவிட்டு அரெத்தி டாக்டரின் கையில் விதையைத் திணித்தாள். மிர்சினி சுக்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் தக்காளி நறுக்கின கத்தி இன்னும் இருந்தது. படகு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் தொப்பி சின்னதாகிக்கொண்டே வந்தது. எதைத் திருப்ப வேண்டும் என்று அவள் யாரையும் பார்க்காமல் கேட்டாள். டாக்டர் வாயிலிருந்த விதையோடு இடது, இடது என்று கத்தினார். அவள் திருப்பினாள், ரொம்பத் திருப்பினாள், படகு சுற்றி வந்து தொப்பியின் மேலேயே ஏறிப் போனது. அரெத்தி கொக்கியால் அதை இழுத்தெடுத்து மறுபடியும் எறிந்தாள். இரண்டாம் தடவை மிர்சினி தொப்பியைப் பார்க்கவே மறந்துவிட்டாள். அப்புறம் கையை எடுத்துவிட்டாள்.

வருஷா வருஷம் கையெழுத்துப் போடுகிறேன், எதற்கென்று யாரும் சொன்னதில்லை என்றாள். யாரையும் குற்றம் சொல்கிற குரல் இல்லை. தானே அப்போதுதான் கேட்டுக்கொள்கிற மாதிரி இருந்தது.

“நீ எதுக்கு ஓட்டணும்?” என்றார் டாக்டர். “நான் எதுக்கு இருக்கேன்?”

கயிறு சுருட்டிக்கொண்டிருந்த அரெத்தியின் கை அப்படியே நின்றது. அந்த வார்த்தையை அவள் அவர் வாயில் கேட்பது முதல் தடவை. ஆனால் படகில் சமைத்த காலத்திலிருந்தே காதுக்கு அது பழசு. சுக்கானை வாங்கி, படகைத் துறைக்குக் கொண்டுவந்து கட்டினாள். படகு போகாது என்றாள்.

பிறகு துறையில் நடந்ததை நீங்கள் யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம், ஊரே பார்த்தது. டாக்டர் கத்தினார். அடுத்த வருஷத்து நாலு படகும் அவர் கத்தலில் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. பனாயிஸ் ஓடி வந்து கையை நீட்டினான். அரெத்தி சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு, துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காபிக் கடை வாசலில் இருந்தவர்கள் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தி உட்கார்ந்தார்கள்.

பனாயிஸ் மன்னிப்புக் கேட்டு, ஒரு பாட்டில் ஊஸோ சாராயமும் சேர்த்துச் சாவியை டாக்டரிடம் கொடுத்தான். டாக்டர் படகில் ஏறினார். மிர்சினி ஏறவில்லை. கயிறு கட்டும் இரும்புக் குற்றியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“நீங்க விழுந்தா நான் என்ன பண்றது?”

“நான் எதுக்கு விழப் போறேன்?”

“விழறவங்க சொல்லிட்டா விழறாங்க?”

காபிக் கடையில் யாரோ மேஜையைத் தட்டினார்கள். டாக்டர் கெஞ்சிப் பார்த்தார், முறைத்துப் பார்த்தார், தர்ப்பூசணியை வெட்டி ஒரு துண்டு கொண்டுவந்து நீட்டினார். அவள் தர்ப்பூசணியைத் தின்றுவிட்டு அங்கேயே இருந்தாள். அந்த அம்மா வந்து கற்றுக்கொடுத்தால் வருகிறேன், இல்லாவிட்டால் பஸ் பிடித்து ஊருக்குப் போகிறேன் என்றாள். வடமேற்குக் காற்று ஏற ஆரம்பித்தது. பக்கத்துக் கம்பெனிப் படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. பனாயிஸ் துறைக்கும் அலுவலகத்துக்கும் நடையாக நடந்தான்.

கடைசியில் துணி அறைக் கதவைத் திறந்தான். அரெத்தி மடித்த விரிப்புகள் இடுப்பு உயரத்துக்கு இருந்தன. அவன் சாவிக்கொத்தை அவற்றின் மேல் வைத்தான்.

“அண்ணி, மடிச்சது போதும்.”

அவள் கையிலிருந்த விரிப்பை ஓரம் சேர்த்து மடித்து முடித்துவிட்டுத்தான் சாவியை எடுத்தாள்.

சாயங்காலம் வரைக்கும் முனைக்கு வெளியே படகு சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் தொப்பியை எறிந்தது அரெத்தி. எத்தனையோ தடவைக்குப் பிறகு டாக்டர் விதையைத் துப்பிவிட்டு, நான் எறிகிறேன் என்றார். எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் எறிந்தார். மிர்சினி கண்ணை அதன் மேலிருந்து எடுக்காமல் சுக்கானைத் திருப்பினாள், காற்றுக்கு எதிராகப் படகைக் கொண்டுவந்து, எஞ்சினைத் தணித்து, தொப்பி படகுக்குப் பக்கத்தில் தானாக வந்து நிற்கிற மாதிரி நிறுத்தினாள். குனிந்து எடுத்தாள். தங்க நூல் பிரிந்து தொங்கியது. டாக்டர் அதைத் தலையில் வைக்கவில்லை; மடியில் வைத்துக்கொண்டு, நனைந்த துணியைப் பிழிந்தபடி நெடுநேரம் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார்கள். அன்றைக்குப் படகைத் துறையிலிருந்து எடுத்தது மிர்சினி. ஒரு கயிறு பனாயிஸ் கையில், இன்னொன்று அரெத்தி கையில். காலையில் ரொட்டி வாங்கப் போன மிர்சினி ரொட்டியோடு மற்றதையும் வாங்கி வந்திருந்தாள் என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சுக்கானைப் பிடித்தபடி கொஞ்சம் தயங்கினாள்.

“அக்கா, கேக்கலாமான்னு தெரியல. நீங்க உங்க வீட்டுக்காரரத் தள்ளி விட்டீங்கன்னு ரொட்டிக் கடையில சொல்றாங்க.”

பனாயிஸ் தலையைக் குனிந்துகொண்டு, அவிழ்த்துவிட்ட முடிச்சை மறுபடியும் அவிழ்க்க ஆரம்பித்தான். டாக்டர் இதாக்கி இருக்கும் திசையைப் பார்த்தார். அரெத்தி தன் கயிற்றை நிதானமாகச் சுருட்டினாள், படகுக்குள் எறிந்தாள், பின்பக்கத்தை ஒரு காலால் அழுத்தி உந்திவிட்டாள். படகுக்கும் துறைக்கும் நடுவில் தண்ணீர் விரிந்தது. பதில் மிர்சினிக்குத்தான். ஆனால் அரெத்தி பார்த்துக்கொண்டிருந்தது பனாயிஸை.

“தள்ளலம்மா. ஒண்ணுக்குப் போகப் பின்னாடி போய் நின்னாரு, தவறி விழுந்தாரு. எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. எனக்குப் படகத் திருப்பத் தெரியல.”