1887ஆம் ஆண்டை விட்டு வெளியே வராத எங்கள் அப்பா

எங்கள் அன்பு அப்பா ஆண்டவரிடம் போய் இந்த மார்கழியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த ஓராண்டில் என்னைக் கண்டவர்களில் பாதிப்பேர் துக்கம் விசாரித்த கையோடு இன்னொன்றையும் விசாரித்தார்கள். "பிள்ளை, கொப்பருக்கும் ஸ்கொட்லாந்துக்கும் என்ன சம்பந்தம்?" செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில், செபமாலைக்கு அருகே, தலையணை அளவில் ஒரு பழைய புத்தகம் இருந்ததைக் கண்டவர்கள் கேட்கத்தானே செய்வார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வாய் நோகிறது. ஆகவே எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

அப்பா மயிலிட்டியில், கடலை நம்பிய குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். பங்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சுவாமியாரிடம் ஆங்கிலம் படித்தார். பாடத்தைவிட, சுவாமியாருக்குத் தபாலில் வரும் பத்திரிகைகளில்தான் அவருக்குக் கண். பாண் சுற்றி வந்த கடதாசியையும் விரித்து வாசித்து முடித்த பிறகுதான் பாணைத் தொடுவார் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். பிறகு போர் வந்தது. ஊரைச் சுற்றி முள்ளுக்கம்பி விழுந்தது. எங்கள் காணி கம்பிக்கு உள்ளே, நாங்கள் வெளியே. அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் மன்னாரில் உறவினரிடம் விட்டுவிட்டு அப்பா இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தார்.

சியாகுல்லியில் மாண்டரின் பழம் பிடுங்கினார். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். "மீன் பிடிச்ச கை இப்ப ஆக்கள் திண்ட முள்ளை வழிக்குது" என்று அம்மாவுக்கு எழுதிய கடிதம் எங்களிடம் இருக்கிறது. பல வருட அலைச்சலுக்குப் பின் பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதி கிடைத்தது. வியா மக்வேதா என்ற தெருவில், மூன்றாம் மாடியில் தனியே வாழ்ந்த, சின்யோரா என்று நாங்கள் அழைத்த ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கும் வேலையும் அமைந்தது. அடுத்த கோடையில் நாங்களும் வந்துவிட்டோம்.

சின்யோராவின் பூட்டனார் ஸ்கொட்லாந்துக்காரர். வைன் வியாபாரத்துக்காக சிசிலிக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். தம் நாட்டு நாளிதழைக் கப்பலில் வரவழைத்து, ஆண்டுக்கொரு புத்தகமாகக் கட்டி வைத்தாராம். அவற்றில் மிஞ்சியது 1887 ஒன்றுதான். சின்யோராவுக்குக் கண் மங்கியிருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வரும் என்று தெரிந்த அன்றே அந்தப் புத்தகம் மேசைக்கு வந்துவிட்டது. சின்யோரா ஒரு சட்டமும் போட்டார். இன்றைக்கு என்ன திகதியோ, அந்தத் திகதிப் பத்திரிகையை மட்டுமே வாசிக்கலாம். நாளைய பக்கத்தை எட்டிப் பார்க்கக் கூடாது.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் 1887 நுழைந்தது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்பே அப்பா செய்தி சொல்லத் தொடங்கிவிடுவார்.

"பாலம் திறந்திட்டாங்கள்!"

"எந்தப் பாலமப்பா? பஸ் ஓடுதோ?" என்பார் அம்மா, குசினியிலிருந்து.

"ஸ்கொட்லாந்திலை, டே எண்ட ஆத்துப் பாலம். முந்தினது புயலிலை ரயிலோடை விழுந்ததெல்லே, இது புதுசு."

யூன் மாதத்தில் விக்டோரியா ராணியின் ஐம்பதாண்டு நிறைவுக்கு மலைகளில் தீ மூட்டினார்கள் என்று கையை விரித்துக் காட்டினார். மே மாதக் கடைசியில் ஒரு நிலக்கரிச் சுரங்கம் வெடித்துப் பலர் இறந்த செய்தி வந்தது. அப்பா கோவிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினார். நூறு வருடத்துக்கு முன் செத்தவர்களுக்கு இப்போது எதற்கு என்று கேட்டேன். "எனக்கு இண்டைக்குத்தானே பிள்ளை தெரிய வந்தது" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் கொளுத்தினார்.

நவம்பர் கடைசியில்தான் பிரச்சினை தொடங்கியது. ஸ்கொட்லாந்தின் லூயிஸ் என்ற தீவில், பட்டினி கிடந்த குடியானவர்கள் துவக்குகளோடு திரண்டு, ஒரு சீமாட்டியின் வேட்டைக் காட்டுக்குள் புகுந்து மான்களைச் சுட்டு, அங்கேயே சமைத்து உண்டார்கள். அந்தக் காடு ஒரு காலத்தில் அவர்களுடைய முன்னோர் பயிர் செய்த நிலம். அவர்களைக் குடியெழுப்பிவிட்டு ஆடு விட்டார்கள், பிறகு மான் விட்டார்கள். மறித்தவர்களிடம் தங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லிவிட்டு நடந்தார்களாம். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் குவெஸ்தூராவிலை பொலிஸ்காரனுக்கு இதைத்தானே சொன்னனான், இத்தாலி தெரியாதெண்டு!"

ஆனால் வியா மக்வேதாவில் சிரிப்பு இருக்கவில்லை. "சின்யோரா சொல்லுறா, மான் காணிக்காரியின்ரையாம், களவு களவுதானாம். நான் கேட்டன், அப்ப காணி ஆரின்ரை? தேப்பன்மார் உழுத நிலத்திலை மான் மேய, பிள்ளையள் எதைத் தின்னுறது?" அப்பா எந்தக் காணியை நினைத்துக் கேட்டார் என்று சின்யோராவுக்கும் விளங்கியிருக்கும். இருவரும் இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மருந்தும் சூப்பும் மட்டும் நேரத்துக்குப் போயின.

மூன்றாம் நாள் சின்யோராவே பந்தயம் கட்டினார். மான் வேட்டையின் தலைவர்களைக் கைதுசெய்தாயிற்று, அவர்களில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர். எடின்பரோவில் சனவரியில் வழக்கு. தண்டனை கிடைத்தால் அப்பா ஒரு மாதம் உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சி குடிக்க வேண்டும். விடுதலையானால் சின்யோரா தம் கையால் தேநீர் போட்டு, அப்பாவைத் தம் மேசையில் இருத்திக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் அப்பா அதுவரை குசினியில் நின்றபடிதான் தேநீர் குடித்தார் என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

புத்தகமோ டிசம்பர் 31இல் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டுப் புத்தகம் மார்சாலாவில் ஓர் உறவினர் வீட்டில் இருக்கலாம் என்று சின்யோரா நம்பினார். பத்திரிகையில் கண்டால்தான் பந்தயம் செல்லும், வேறு ஒருவரையும் கேட்கக் கூடாது என்று தீர்மானமாயிற்று. அந்தப் புத்தகம் வரவே இல்லை. மீண்டும் சனவரி முதலாம் திகதியிலிருந்து தொடங்கினார்கள். இப்படி ஒன்பது முறை 1887ஐ வாசித்தார்கள். பத்தாம் முறை, பாலம் திறக்க முன்பே சின்யோரா கண்மூடினார். அவருடைய மருமகன் அப்பாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது, அப்பா புத்தகத்தைக் கேட்டார்.

அதன் பின்னும் அப்பா ஒவ்வோர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் அன்றன்றைய தாளை வாசித்தார். கைத்தொலைபேசியில் ஒரு நொடியில் முடிவைப் பார்க்கலாமே என்றால், "வெண்டாலும் சொல்லிக்காட்ட ஆளில்லை, தோத்தாலும் சிரிக்க ஆளில்லை. பாத்து என்ன?" என்பார்.

நான் பார்த்துவிட்டேன். பதினாறு வயதில், பள்ளிக்கூடக் கணினியில். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "வாயைத் திறந்தியெண்டால் பார். அந்த மனிசன்ரை பந்தயத்தைக் கெடுக்காதை" என்றார் அம்மா. ஒவ்வொரு டிசம்பர் 31இலும் அப்பா புத்தகத்தை மூடி, "பாப்பம், தையிலை வழக்கு" என்னும்போது நான் கோப்பை கழுவப் போய்விடுவேன்.

சென்ற ஆண்டு அப்பா ஆசுப்பத்திரியில் கிடந்தபோது புத்தகத்தைக் கொண்டுபோக முடியவில்லை. பக்கங்களைப் படம் எடுத்துப் போய் வாசித்துக் காட்டினேன். மான் வேட்டை வந்த அன்று அப்பா கண்ணைத் திறந்தார்.

"உனக்கு முடிவு தெரியும், என்ன?"

பொய் சொல்ல வரவில்லை. "ஓம் அப்பா."

"எப்ப தொடக்கம்?"

"பதினாறு வயசிலை."

"அதுதானே பாத்தன். வருசக் கடைசியிலை மட்டும் நீ கேளாமல் கோப்பை கழுவுவாய்."

நான் அழுதுவிட்டேன். "சொல்லட்டே அப்பா?"

எனக்கு அவர் ஓம் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவர் இல்லையென்று தலையை அசைத்தார். "வேண்டாம். நான் அங்கை சின்யோராவிட்டைத்தானே போறன். தெரிஞ்சுகொண்டு போனால் அது கள்ள விளையாட்டு."

டிசம்பர் தொடக்கத்தில், அன்றைய தாளைக் கேட்டு முடித்த ஒரு மாலையில், அப்பா அமைதியாக விடைபெற்றார். மிச்சத் தாள்களை நான் சேமக்காலையில் கல்லறை அருகே நின்று வாசித்து, 31ஆம் திகதி முடித்தேன். பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க வந்த சிசிலிய அம்மா ஒருவர் அதை ஏதோ செபம் என்று நினைத்து, கூடவே நின்று "ஆமென்" சொன்னார். அவருக்கும் நன்றி.

நான் வேலை செய்யும் வீடுகளை எனக்காக மாறி மாறிப் பார்த்த தோழிகள், முப்பத்தொரு நாளும் சோறு கொண்டுவந்த பங்கு மக்கள், பெட்டிக்குத் தோள் கொடுத்த, எங்கள் பங்கின் மொரிசியஸ் அண்ணன்மார், பூசை ஒப்புக்கொடுத்த சுவாமியார், புத்தகத்தை மனமுவந்து தந்த அந்த மருமகன் ஆகிய அனைவருக்கும் அம்மாவும் நானும் கைகூப்புகிறோம். இந்தக் கடன் எங்களால் தீராது.

அப்பா, ஒரு வருடம் பொறுத்துவிட்டேன். இப்போது நீங்கள் இருவரும் ஒன்றாக இருப்பதால் கள்ள விளையாட்டு இல்லை. எடின்பரோ வழக்கில் யூரிமார் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் விடுதலை. சின்யோராவை எழும்பித் தேத்தண்ணி போடச் சொல்லுங்கோ. இரண்டு கரண்டி சீனி கேளுங்கோ, அங்கை ஒருத்தரும் ஏசமாட்டினம். இருந்து குடியுங்கோ அப்பா.