மாமா எழுதாத சிங்கம்

அம்மாவின் முதுகெலும்பை நான்தான் உடைத்துவிட்டேன் என்று மூன்றாம் வகுப்பு படிக்கையில் இரண்டு நாள் முழுசாக நம்பிக்கொண்டிருந்தேன்.

மாசி மகத்தன்று கால் வலிக்கிறது என்று அடம்பிடித்து, கோயிலிலிருந்து வீடு வரை அம்மா முதுகில் உப்புமூட்டை ஏறி வந்தேன். கால் வலியெல்லாம் சும்மா. அது அம்மாவுக்கும் தெரியும். மறுநாள் அவளுக்கு வலப்பக்க முதுகில் பிடித்த வலி, விலாவைச் சுற்றிக்கொண்டு வயிற்றுக்கு வந்தது. தண்டுவடத்தில் நரம்பு மாட்டிக்கொண்டது என்றார் அப்பா. எதிர்வீட்டு அத்தை, தனக்குத் தெரிந்த ஒருத்தி இப்படித்தான் படுத்த படுக்கையானாள் என்று சொல்லிவிட்டு, "பின்ன, இம்மாம் பெரிய புள்ளைய சொமந்தா?" என்று என்னைப் பார்த்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வலி வந்த மூன்றாம் நாள் கருவேப்பிலங்குறிச்சியில் சுளுக்கு எடுப்பவரிடம் போக அப்பா ஆட்டோ சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். பீங்கான் கம்பெனியில் அச்சில் மண்கூழ் ஊற்றுகிற வேலை என்பதால் சட்டையெல்லாம் வெள்ளைத் திட்டாக இருக்கும். அக்கி வந்தவர்களின் உடம்பில் காவிமண்ணைக் குழைத்துச் சிங்கம் எழுதிக் குணப்படுத்துவது அவர்கள் குடும்பத்துப் பழக்கம். மாமா எழுதிய சிங்கம் இறங்கி நடந்துவிடும் போல இருக்கும்.

அவர் உட்காரக்கூட இல்லை. அம்மாவை இருமச் சொன்னார். சுண்டி இழுக்கவில்லை. குனியச் சொன்னார். சாதாரணமாகக் குனிந்து நிமிர்ந்தாள். ஆனால் புடவை விலாவில் படாமல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"துணி பட்டா எப்படி இருக்குது?"

"தீயா எரியுதுண்ணே."

மாமா என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, அம்மா முதுகப் பாத்துச் சொல்லு."

வலப்பக்கம் மட்டும் தோல் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரிசையாக வந்து நடுமுதுகோடு நின்றிருந்தன. சொன்னேன்.

"இது தூக்குனதால வந்த வலி இல்ல. அக்கி."

"நல்லதாப் போச்சு, நீங்களே எழுதிடுங்க மச்சான்" என்றார் அப்பா.

"எழுதறது கெடக்கட்டும். மொதல்ல ஆஸ்பத்திரி. மாத்திரைய சீக்கிரம் ஆரம்பிக்கணும்."

சுளுக்குக்காகச் சொன்ன ஆட்டோவிலேயே அம்மாவை ஏற்றினார். டாக்டரம்மாவும் அக்கிதான் என்றார். எப்போதோ வந்த அம்மை நரம்பில் தூங்கிக் கிடந்து இப்போது விழித்திருக்கிறதாம். கொப்புளத்தின் மேல் எதையும் பூசக் கூடாது என்றும் சொன்னார். மாமா தலையாட்டினார். சிங்கம் வரவே இல்லை. எனக்கு அவர் மேல் சரியான கோபம். அம்மா தேறியதும் தெருவே அவர் கைராசியைப் புகழ்ந்தது. "நான் எங்க எழுதனேன்? மாத்திரை" என்று அதையும் கெடுத்துக்கொண்டார்.

இன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது, அக்கியைக் கண்டுபிடித்ததற்காக மட்டும் இல்லை. எதிர்வீட்டு அத்தை பக்கத்திலேயே நின்றிருந்தார். முதுகைப் பார்க்க அவரிடம் சொல்லியிருக்கலாம். மாமா கூப்பிட்டது, மூலையில் நின்ற என்னை. தூக்கியதால் வந்ததில்லை என்று சொன்னதும் அம்மாவிடம் இல்லை, அப்பாவிடமும் இல்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

எனக்கு அது அப்போது தெரியவில்லை. அன்று மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டது மட்டும் நினைவிருக்கிறது.