பெல்ட் மாற்றிய பிறகு ஆமென்

எங்கள் சபையில் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "ஜெபத்தைப் பாதியில நிப்பாட்டுனவ" என்று இப்போதும் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். நான் கோபித்துக்கொள்வதில்லை. நடந்தது உண்மைதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய கார் விற்கும் ஒரு கடை வாசலில், எங்கள் உபதேசியார் கண்ணை மூடிக் கையை உயர்த்திய நேரத்தில், "ஐயா, செத்த பொறுங்க" என்று சொன்னது நான்தான். அதற்காக இன்றுவரை வருந்தியதும் இல்லை. கேட்டால் ரொம்பப் பெருமை என்றுதான் சொல்வேன்.

கார் வாங்கும் எண்ணமே மகளால் வந்தது. அவளைத் தென்காசியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவத்துக்கு ராஜபாளையத்துக்கு அழைத்து வரவேண்டும். கட்டுச்சோறு கொண்டுபோய்ச் சம்பந்தி வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பெண்ணைக் கூட்டி வருவது எங்கள் பக்கத்து வழக்கம். கிறிஸ்தவர்கள், எங்கள் ஊர்ப் பேச்சில் வேதக்காரர்கள், என்றாலும் அதை நாங்கள் விட்டதில்லை. சோறு ஆக்குவதில் ஒரு சிக்கலும் இல்லை. அவளை வண்டியில் ஏற்றுவதில்தான் சிக்கல். கல்லூரிக் காலத்தில் அவள் போன பஸ் ஒரு மேட்டில் பிரேக் பிடிக்காமல் பின்னோக்கி உருண்டுவிட்டது. யாருக்கும் அடி படவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் முன் சீட்டை இறுகப் பிடித்துக்கொள்வாள், இறங்கும்வரை கண்ணை மூட மாட்டாள்.

"வாடகைக் கார் டிரைவர் எப்படி ஓட்டுவாரோ, எனக்குப் பயமா இருக்கும்மா" என்று போனில் அழுதாள்.

"எவனும் ஓட்ட வேண்டாம். நான் ஓட்டிட்டு வாரேன். நீ பின்னால தூங்கிட்டே வா" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, வீட்டில் கார் கிடையாது. ஓட்ட மட்டும் தெரியும். என் வீட்டுக்காரரும் நானும் ஒன்றாகத்தான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தோம். அவர் செட்டியார்பட்டியில் நைட்டி தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியில் கோடு போட்டால் நூல் பிசகாது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் வண்டி நேராகப் போகாது. அவர் பாதியில் விட்டார், நான் லைசென்ஸ் வாங்கினேன். தம்பியின் காரை வாங்கித் தென்காசி சாலையில் ஓட்டிக் கையைப் பழக்கி வைத்திருந்தேன். தம்பி வேலை மாறி கோயம்புத்தூர் போனதும் அந்தக் காரும் போய்விட்டது.

ஆகவே பழைய கார் ஒன்றைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். வெள்ளை நிறத்தில் சின்ன டீசல் வண்டி. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. கடைக்காரருக்கு என் தம்பி வயது இருக்கும். பேச்செல்லாம் என் வீட்டுக்காரரிடம்தான். "அண்ணாச்சி, ஏசி பாருங்க. அண்ணாச்சி, சீட்டு பாருங்க" என்று ஒரே உபசாரம். நான் கதவைத் திறந்தேன். சர்வீஸ் செய்தவர்கள் ஒட்டிய சிறிய ஸ்டிக்கர் உள்பக்கம் இருந்தது. அடுத்த சர்வீஸ் எந்தக் கிலோமீட்டரில் என்று அதில் எழுதியிருந்தது. வண்டியோ அதைத் தாண்டி வெகுதூரம் ஓடியிருந்தது.

"தம்பி, இதுக்கு சர்வீஸ் தேதி எப்பமோ போயிட்டே. டைமிங் பெல்ட் மாத்தியாச்சா?" என்று கேட்டேன்.

இன்ஜினுக்குள் ஓடும் பட்டை அது. ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும், இன்ஜினும் பாழாகும். கடைக்காரர் அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா ரொம்ப விவரமா இருக்காவளே! கவலப்படாதீக. பெல்ட்டு, ஆயிலு எல்லாம் மாத்தி, புது வண்டியாட்டம் தாரோம்" என்றார். முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம்.

வண்டி எடுக்கும் நாளில் நாங்கள் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் ஒரு பொருள் வாங்கினால் கடையிலேயே ஜெபம் பண்ணித்தான் எடுப்போம். ஜெபம் முடிந்து ஆமென் சொல்லிவிட்டால் அது ஆண்டவர் தந்த பொருள். அதற்குமேல் அதில் நொட்டை சொல்வது ஆண்டவரையே குறை சொல்வதுபோல. என் தங்கச்சி வீட்டு கிரைண்டர் ஆமென் சொன்ன மறுநாளே நின்றுபோனது. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூச்சப்பட்டு, சொந்தக் காசில் சரிபார்த்தாள். இது தெரிந்தும் நான் உபதேசியாரை அழைத்தேன். சேத்தூரிலிருந்து நாத்தனார் குடும்பம் திரண்டு வந்தது. மாலை வாங்கி வந்தார்கள். கடைக்காரர் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார். வாயில் இனிப்பு இருக்கும்போது யார்தான் கேள்வி கேட்பார்கள்!

வண்டி பளபளவென்று நின்றது. உள்ளே சென்ட் வாசனை. கதவைத் திறந்து பார்த்தேன். ஸ்டிக்கரைக் காணவில்லை. சுரண்டிய இடத்தில் பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"பானெட்டத் தொறங்க தம்பி."

"எல்லாம் பாத்தாச்சுக்கா. ஐயா ஜெபம் பண்ணட்டும். நல்ல நேரம் முடியப் போகுது."

"நமக்கு ஏது நல்ல நேரம், கெட்ட நேரம்?" என்றாள் நாத்தனார். காலண்டரில் ராகுகாலம் பார்த்துவிட்டுத்தான் அவள் வீட்டை விட்டே கிளம்புவாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நானே பானெட்டைத் திறந்தேன். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் கைக்குட்டையில் துடைத்தேன். தார் மாதிரி இருந்தது. பெல்ட்டின் மேல்மூடியில் பழைய தூசி அப்படியே படிந்து கிடந்தது. எந்தக் கையும் பட்ட அடையாளம் இல்லை. நான் ராஜபாளையத்தில் நூல் மில்லில் சூப்பர்வைசர். நூல் சுற்றும் கதிர்களை ஓட்டும் நாடாக்களை நாள் வந்ததும் மாற்றிவிடுவோம். அறுந்த பிறகு மாற்றுவது எங்கள் செக்‌ஷனில் மானக்கேடு. மாற்றிய நாடாவைக் கண்ணால் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

"பழைய பெல்ட்டக் காட்டுங்க" என்றேன்.

"அதத் தூக்கிப் போட்டாச்சேக்கா."

"அப்ப இந்தத் தூசி?"

அவர் உபதேசியாரைப் பார்த்து, "ஐயா, நீங்க ஆரம்பிங்க" என்றார். பாவம், உபதேசியாருக்கு விவகாரம் எதுவும் தெரியாது. கண்ணை மூடினார். "அன்பின் பரலோகப் பிதாவே, நீர் தந்த இந்த வாகனத்திற்காக" என்று தொடங்கிவிட்டார். சேத்தூர்க்காரர்கள் எல்லோரும் தலை குனிந்தார்கள். கடைக்காரரும் பயபக்தியோடு கைகளைக் கூப்பிக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, செத்த பொறுங்க. இன்னும் தந்தபாடு இல்ல" என்றேன்.

உபதேசியார் ஒரு கண்ணைத் திறந்தார். நாத்தனார் வாயில் கை வைத்தாள். என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து, "ஏட்டி, ஜெபத்துக்கு நடுவுலயா? விடு, ஊருக்குப் போயி மாத்திக்கிடுவோம்" என்று முணுமுணுத்தார்.

கடைக்காரர் இறங்கி வந்தார். "ஓடுற வண்டிய எதுக்குக்கா பிரிக்கணும்? சரி, விலையில கொஞ்சம் குறைச்சுக்கிடுதேன். நீங்களே மாத்திக்கிடுங்க."

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. எனக்கும் ஒரு நொடி ஆசை வந்தது, மறைப்பானேன். ஆனால் எங்கள் வீடு எனக்குத் தெரியாதா? குறைத்த காசு கட்டுச்சோற்றுக்குப் போகும், மகளுக்கு வளையலாகப் போகும். பெல்ட் நாளைக்கு, நாளைக்கு என்று கிடக்கும். அந்த பெல்ட்டை நம்பி அவளைப் பின்னால் உட்கார வைத்து, தூங்கும்மா என்று நான் எந்த வாயால் சொல்வது?

"எனக்குக் காசு வேண்டாம். மாத்தித் தாரேன்னு சொன்னீக, மாத்தித் தாங்க. எங்க கண்ணு முன்னால மாத்தணும்."

"பார்ட்ஸ் மதுரையிலேருந்து வரணும்கா. இம்புட்டுப் பேரக் கூட்டிட்டு வந்துட்டு, வெறுங்கையோட திரும்பிப் போனா உங்களுக்குத்தான அசிங்கம்?"

இதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் கொஞ்சம் இளகியிருப்பேன். மாலையை எடுத்துப் பைக்குள் வைத்தேன். "ஆமென் இன்னும் சொல்லல. அதனால வண்டி உங்களதுதான். நாங்க வாரோம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். உபதேசியார்தான் முதலில் என் பின்னால் வந்தார். பிறகு வேறு வழியில்லாமல் எல்லோரும் வந்தார்கள்.

ராஜபாளையம்வரை பஸ்ஸில் யாரும் என்னோடு பேசவில்லை. நாத்தனார் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "மைனிக்கு எம்புட்டு வாயி" என்றாள். என் வீட்டுக்காரர் வாடகைக் காருக்கு யாரிடம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். கட்டுச்சோற்றுக்கு நாள் குறித்தாயிற்று. கார் கிடைக்காவிட்டால் மகளிடம் சொன்ன சொல் போய்விடும். வண்டியை அப்படியே எடுத்திருந்தாலும் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அழுகை வந்தது. யாருக்கும் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கடைக்காரரே போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது. நாங்கள் கிளம்பியதும், அங்கே வேறொரு வண்டிக்கு விலை பேசிக்கொண்டிருந்த சோழபுரத்துக்காரர், "அப்ப எனக்கும் பானெட்டத் தொறந்து காட்டுங்க" என்று பிடித்துக்கொண்டாராம். "பார்ட்ஸுக்குச் சொல்லிட்டேன்கா. நாளைக்கு வந்து நின்னு பாத்துக்கிடுங்க. அந்த சோழபுரத்து ஆளையும் வரச்சொல்லிருக்கேன். அவர்கிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றார்.

மறுநாள் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் போனோம். ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பழைய பெல்ட்டை எடுத்தார். வளைத்துப் பார்த்தார். வெடிப்பு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் ஓடிருக்கும்கா" என்றார்.

கடைக்காரருக்கு உயிர் வந்தது. "பாத்தீகளா? இதுக்குப் போயி அம்புட்டுச் சண்ட போட்டீகளே!"

"ஓடிருக்கும். ஓடாமயும் போயிருக்கும். என் பிள்ளைய ஒக்கார வச்சுக்கிட்டு அதப் பாக்கச் சொல்லுதீகளா?" என்றேன். அவர் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். நானும் குடித்தேன். பெல்ட் அறுகிற நிலையில் இருந்திருந்தால் ஊரெல்லாம் என்னை மெச்சியிருக்கும். அது இல்லாமலேயே என் பக்கம்தான் நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சோழபுரத்துக்காரரிடமும் ஒரு வார்த்தை சொன்னேன். தூசியைப் பாருங்கள் என்றேன்.

எண்ணெயும் மாற்றி, பிரேக்கையும் பார்த்து முடித்தபோது, வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. உபதேசியார். நாங்கள் கூப்பிடவில்லை. "பாதியில நிக்குதே, முடிக்கணும்லா?" என்றார். எண்ணெய் வாடைக்கு நடுவே நின்று ஜெபம் பண்ணினார். மெக்கானிக்கின் கைகளையும் ஆசீர்வதியும் என்று ஆண்டவரிடம் வேண்டினார். ஆமென் என்று நான் சொன்னது சாலைவரை கேட்டிருக்கும்.

கட்டுச்சோற்று நாளில் சம்பந்தியம்மா வாசலுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்கள். "டிரைவர் எங்க? சாப்பிடக் கூப்பிடுங்க" என்றார்கள். "டிரைவர்தான் புளியோதரை பரிமாறிட்டு இருக்கா" என்றார் என் வீட்டுக்காரர். "பழைய வண்டியாச்சே, நம்பிப் போகலாமா?" என்று அவர்கள் கேட்டதுதான் தாமதம், மனிதர் தொடங்கிவிட்டார். பெல்ட் புதுசு, ஆயில் புதுசு, பிரேக் பார்த்தாச்சு, "நாங்க விடலயே, வண்டியே வேண்டாம்னு எந்திரிச்சு வந்துட்டம்லா!" என்று மார்தட்டினார். என் முழங்கையைப் பிடித்து இழுத்த ஆள் இவர்தானா என்று பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன்.

திரும்பும்போது மகள் எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். வழக்கம்போல என் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் என் தோளில் அழுந்தின. புளியங்குடி தாண்டியும் அந்தப் பிடி தளரவில்லை. நான் வேகம் கூட்டாமல் ஓட்டினேன். சிவகிரிக்கு அப்புறம் தோளில் எதுவும் படவில்லை என்பது உறைத்தது. என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, தூங்கிட்டா" என்று குரலே எழாமல் சொன்னார். கண்ணாடியில் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, வயிற்றின் மேல் கை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சேத்தூரில் நாத்தனார் குடும்பம் முழுக்கச் சாலையோரம் நின்றிருந்தது. அன்று பைக்குள் போன மாலைக்குப் பதிலாகப் புது மாலை வைத்திருந்தார்கள். "நிறுத்து மைனி, நிறுத்து!" என்று கையை ஆட்டிக்கொண்டு நாத்தனார் முன்னால் வந்தாள். நான் ஹாரன்கூட அடிக்கவில்லை. வேகத்தைக் குறைத்து, பின் சீட்டைக் காட்டி, உதட்டில் விரல் வைத்துவிட்டு, நிறுத்தாமல் ஓட்டினேன்.