மாமனார் வீட்டு வேல்ஸ் மதில்

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் என் மாமனார் வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்கும் மேலே ஒரு புகைப்படம் தொங்குகிறது. சாமிக்கே மேலே என்றால் அதன் மதிப்பை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கோட்டும் தலைப்பாகையுமாக, மீசையை முறுக்கிவிட்டு ஒருவர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு கல் மதில், இரண்டு உருண்டைக் கோபுரங்கள், நடுவில் வளைந்த வாசல்.

நிற்பவர் மாமனாரின் கொள்ளுத்தாத்தா. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த கன்டோன்மென்டில் ஒரு துரையிடம் பட்லராக இருந்தவர். துரை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, இவர் வைக்கும் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது என்று இவரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனாராம். துரையின் ஊர் வேல்ஸில் கடலோரம் மதில் சூழ்ந்த சின்ன ஊராம். அந்த மதில் வாசலில் எடுத்த படம்தான் இதுவாம். கல்யாணமான புதிதில் இந்தக் கதையை வாரம் ஒருமுறை கேட்டேன். இப்போது விருந்தாளி வந்தால் மட்டும் கேட்கிறேன்.

கதை நடக்கும்போதெல்லாம் மாமியார் சமையலறையிலிருந்து ஒரே ஒரு சந்தேகம் கேட்பார். "கப்பல்ல போய் வந்த மனுசன், ஒரு ஸ்பூனாவது கொண்டாந்திருக்கக் கூடாதா?"

நான் திருப்பத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காக வந்தவன். மாமனாரின் கணக்கில் நேற்று வந்தவன். "நீங்கள்லாம் பஸ் புடிச்சு வந்தவங்க மாப்ளே. நாங்க கன்டோன்மென்ட் ஆளுங்க, கப்பலப் பாத்தவங்க" என்பார். மாடியில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் மாப்பிள்ளை இதற்கெல்லாம் பதில் பேச முடியாது. நான் சிரித்துவைப்பேன்.

போன வருடம் மாமனாருக்கு ஸ்மார்ட்போன் வந்தது. கூடவே சரித்திர ஆசையும் வந்தது. பழைய பெங்களூருப் படங்கள் போடும் முகநூல் குழு ஒன்றில் சேர்ந்தார். அங்கே தினமும் காலியான சாலைகளின் படம் வரும். ஒரு ஆள் இருக்காது, இரண்டு மரம் இருக்கும். 'வெளியாட்கள் வராத காலம், ஆஹா' என்று கீழே எழுதியிருப்பார்கள். எழுதுகிறவரின் பக்கத்தைத் திறந்து பார்த்தால், அவரே போன மழைக்காலத்தில்தான் இங்கே வேலைக்கு வந்திருப்பார்.

மாமனார் கொள்ளுத்தாத்தாவின் படத்தை அங்கே போட்டார். துரையின் பங்களா எங்கே இருந்தது என்று ஒருவர் கேட்டார். நிற்பது துரை இல்லை, பட்லர் என்று தெரிந்ததும் அவர் அந்தப் பக்கமே வரவில்லை. இன்னொருவர், 'இது பெங்களூரு வரலாற்றுக்கான குழு, குடும்பப் படங்களைத் தவிர்க்கவும்' என்று எழுதினார். நாலு தலைமுறையாக இதே ஊரில் இருந்து, கன்னடத்தைத் தமிழைவிட வேகமாகப் பேசுகிற மனுஷருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"இங்க இருக்கறவங்களுக்கு நம்ம அருமை தெரியாது மாப்ளே. சும்னே ரோட்டப் போட்டு லைக் வாங்கறானுங்க. நீங்க அந்த வேல்ஸ் ஊருக்காரங்க குரூப்பப் புடிங்க. அவங்க வாயால சொல்லட்டும், எங்க தாத்தா அங்க வந்தாருன்னு. அத இவனுங்க மூஞ்சில போடறேன்."

குழு கிடைத்துவிட்டது. பழைய படங்களும் ஊர் வரலாறும் பகிர்வதற்கென்றே அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் குழு. அவர்களும் நம்மைப் போலத்தான், சாலைக்குப் பதிலாக மதில். அதே வாசலை நாளுக்கொரு திசையிலிருந்து போடுகிறார்கள். வாசலை ஒட்டி மிட்டாய்க்கடை இருந்ததா, அதில் என் அத்தை வேலை பார்த்தாள் என்று ஒருவர் கேட்பார். மிட்டாய்க்கடை இல்லை, மீன்கடை என்று இன்னொருவர் வருவார். அத்தை பாடு அதோடு போச்சு.

சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றி, ஆபீசிலிருந்த நல்ல ஸ்கேனரில் வைத்து, கதையை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். மறுநாள் ஆபீஸ் இருக்கும் ஹெப்பகோடிக்கு வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போதே மாமனார் போன் மேல் போன். நம்ம படத்துக்குக் கீழே கூட்டம் சேர்ந்திருந்தது.

இது வடக்கு வாசல் என்றார் ஓய்வுபெற்ற ஒருவர். அவருடைய நண்பர், இல்லை, மேற்கு வாசல்தான், வடக்குக் கோபுரத்தில் விரிசல் இருக்கும் என்றார். விரிசல் அப்புறம் வந்தது என்று மூன்றாமவர். ஆளாளுக்குக் கல் எண்ணினார்கள், அம்புக்குறி போட்டார்கள். மதிலைக் கட்டின கொத்தனாரே எழுந்து வந்திருந்தாலும் குழம்பிப்போய்த் திரும்பியிருப்பார். ஒருவர்கூட முன்னால் நிற்கிற மனுஷரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. "எந்த வாசலா இருந்தா என்ன மாப்ளே, அந்த ஊருன்னு ஒத்துக்கிட்டாங்கல்ல?" என்று தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஒரு வயதான அம்மாள், எங்கள் வீட்டுச் சட்டத்துக்குள் இத்தனை நாள் மறைந்திருந்த படத்தின் அடிப்பகுதியை மட்டும் வெட்டி, பெரிதாக்கிப் போட்டிருந்தார். மதில் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நின்றது. அதன் ஓரம் சேலை முந்தானை போலச் சுருண்டிருந்தது. மதில் வெறும் துணி. யாரோ வரைந்த திரைச்சீலை. அப்படியென்றால் பட்லர் கப்பலேறவே இல்லை, துரை பங்களாவின் தோட்டத்தில் எங்கோதான் நின்றிருக்கிறார். திரைக்கு அடியில் இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. காற்றில் விழாமல் யாரோ பின்னால் நின்று திரையைப் பிடித்திருக்கிறார்கள். விரலில் மெட்டி இருந்தது.

அந்த அம்மாள் கேட்டிருந்தது ஒரே கேள்வி. 'இந்தப் பெண் யார்? இவர் பெயர் என்ன?'

நான் அதை மாமனாருக்கும் மாமியாருக்கும் படித்துச் சொல்லி, போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். அந்தக் காலில் இரண்டாவது விரல் கட்டைவிரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனாரின் காலைப் பார்த்தார். அங்கேயும் அதே விரல், அதே மாதிரி ஏறி உட்கார்ந்திருந்தது. இதற்கு மேல் அது யாருடைய கால் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வேல்ஸ்காரர்கள் அசரவில்லை. துணியில் வரைந்தது வடக்கு வாசலா மேற்கு வாசலா என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். மாமனார்தான் இடிந்துபோனார். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"மாப்ளே, நம்மகிட்ட இருக்கற படத்துல அந்த ரெண்டு கால மட்டும் எடுத்துடுங்க. உங்க கம்ப்யூட்டர்ல அஞ்சு நிமிஷ வேலதானே? எடுத்துட்டு, இந்தப் பெங்களூர் குரூப்ல மறுபடி போட்டுடலாம். இவனுங்களுக்கு என்ன தெரியப் போவுது?"

மாமியார் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார்.

"எடுங்க மாப்ளே, நல்லா எடுங்க. அப்புறம் அந்த மதில யாரு புடிச்சுக்கினு நிப்பாங்க?"

மாமனார் தன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். நான் எடுக்கவில்லை. அன்று சாயங்காலம், கோலாரில் இருக்கும் தன் அக்காவுக்கு அவர் போன் போட்டார். குடும்பக் கதைகள் அத்தனையும் தெரிந்தவர் அந்த அக்கா. கொள்ளுப்பாட்டியின் பெயர் என்ன என்று மாமனார் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் பதில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அவங்க பேரு யாருக்குடா தெரியும்? தொர வளத்த நாய் பேரு ஞாபகம் இருக்கு, சொல்லட்டுமா?"