அன்னார் நல்லரத்தினம்

என் வீட்டுக்காரர் நல்லரத்தினம் சும்மா கதைத்தாலே ஆட்கள் பயப்படுவார்கள். ஆள் பூனைக்குட்டிக்கும் வழிவிட்டு நடக்கிற சுபாவம். குரல்தான் பிரச்சினை. கல்லடிப் பக்கம் யாராவது செத்தால், ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு மரண அறிவித்தல் சொல்லிப் போவது அவர் தொழில். கோயில் திருவிழா, தண்ணீர் வெட்டு, காணாமல் போன மாடு எல்லாவற்றையும் சொல்வார்தான். ஆனால் ஊர் நினைவில் வைத்திருப்பது சாவை மட்டும். கடையில் நின்று "ஒரு றாத்தல் பாண்" என்று கேட்டால், பக்கத்தில் நிற்பவர் ஆர் மோசம் போனது, எப்போது அடக்கம் என்று விசாரிப்பார்.

நான் அவரை முதலில் கண்டது சுனாமிக்குப் பிறகு, தொழில் இழந்தவர்களுக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் வைத்த செயலமர்வில். கொழும்பிலிருந்து பயிற்சி நடத்த வந்த வளவாளர் அம்மா எங்களை வட்டமாக இருத்தி, ஒவ்வொருவரும் என்ன தொழில், அது மனதை எப்படிப் பாதிக்கிறது என்று பகிரச் சொன்னார். அந்த நாட்களில் நாங்கள் பகிர்ந்து பழகியிருந்தது சோற்றுப் பார்சலை மட்டும்தான்.

காத்தான்குடி உசனார் முதலில் எழும்பினார். சைக்கிளில் மீன் விற்றவர். கடல் மீனைத் தின்ன அப்போது ஒருவருக்கும் மனம் வரவில்லை. தன் ஹோன் சத்தம் கேட்டாலே வீட்டுக் கதவைச் சாத்துகிறார்கள் என்று சொல்லிவிட்டு இருந்தார். அடுத்தது நான். தையல்காரி என்பதால் யாரைப் பார்த்தாலும் அளவுதான் தெரிகிறது என்றேன். வளவாளர் அம்மாவின் சட்டை தோளில் இறுக்கம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

பிறகு நல்லரத்தினம் எழும்பினார்.

"எனக்குப் பெரிசா ஒண்டுமில்ல. நான் வாயத் திறந்தா ஆக்கள் அழுவாங்க. அதுவும் பேரை மட்டும் கேட்டுத்தான். பேருக்குப் பிறகு ஒருத்தரும் கேக்கிறல்ல. அன்னார் ஆர்ட புருசன், ஆர்ட தகப்பன், எத்தின மணிக்கு எடுக்கிற, எல்லாத்தையும் நான் எனக்கே சொல்லிற்றுப் போறன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிசனை யாராவது கடைசிவரை கேட்டால்தான் என்ன என்று தோன்றியது. இரக்கம் என்றுதான் நினைத்தேன். அது வேறு சாமான் என்பது பிறகுதான் தெரிந்தது.

உசனார் மீனை விட்டுவிட்டு நல்லரத்தினத்தின் ஆட்டோவை ஓட்டத் தொடங்கினார். அந்த ஆட்டோவுக்கு என் தையல் கடைக்கு முன்னால்தான் அடிக்கடி எஞ்சின் சூடாகும். நல்லரத்தினம் மைக்கை அணைத்துவிட்டு வந்து நிற்பார். தொழில் அவருக்குள் எவ்வளவு ஊறிவிட்டது என்பதை அங்கேதான் கண்டேன். எங்கள் பக்கம் அன்னார் என்ற சொல் செத்தவருக்கு மட்டுமே உரியது. இவரோ, மரியாதைக்குரிய எவரையும் அன்னார் என்பார். "பிறின்சிப்பல் வாறார், அன்னாருக்குக் கதிரை போடுங்க" என்பார். பிறின்சிப்பலுக்கு முகம் கறுக்கும். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: தன் அறிவித்தலைத் தானே பதிந்து வைத்துவிட வேண்டுமாம், மற்றவனுக்கு எங்கே மூச்சு விடுவதென்று தெரியாதாம்.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் கண்ணகை. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் அப்பா பூபாலப்பிள்ளை மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மற்ற வீடுகளில் அழுது, அறிவித்தல் கொடுத்து, கிரியை செய்து முடித்தார்கள். அம்மா அழவில்லை. பொட்டை அழிக்கவில்லை. ஆளைக் காணாமல் என்ன அறிவித்தல் என்று கேட்டார். அப்பாவை நினைத்து நான் குளியலறையில்தான் அழுவேன், அம்மா காணாமல்.

இந்த வீட்டுக்குத்தான் நல்லரத்தினம் உசனாரையும் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்தார். என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். இவர் சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார். மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"அன்னார் எங்க வேலை செய்தவர்?"

உசனார் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "இந்த வாசற் படலைக்குள்ள உன்ட குரல் இனி வரப்படாது" என்றார்.

வரவில்லை. நாலு வருசம் வரவில்லை. எங்கள் ஒழுங்கை முனையில் ஒலிபெருக்கியை அணைத்து, அப்பால் போய்த்தான் திரும்பப் போடுவார். எங்கள் ஒழுங்கைக்கு மட்டும் ஊர்ச் சாவு பிந்தித்தான் தெரியவரும். ஓடிப்போய்க் கலியாணம் முடிக்கலாம் என்று உசனார் யோசனை சொன்னார். அப்பாவுக்குப் பிறகு அம்மாவை இன்னோர் ஆளும் சொல்லாமல் விட்டுப் போவதா என்று நான் மறுத்தேன். இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தமே முடிந்தது. அம்மாவின் யுத்தம் முடியவில்லை.

அதே வருசம், கல்லடியில் இன்னொரு நல்லரத்தினம் மோசம் போனார். நல்ல வயசாளி. என் ஆளுக்கோ கடும் காய்ச்சல், தொண்டை அடைக்கத் தொடங்கியிருந்தது. உள்ள குரலை வைத்து அறிவித்தலைக் கசெற்றில் பதிந்து கொடுத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். உசனார் தனியாக ஆட்டோவை எடுத்தார். ஒழுங்கை முனையில் அணைக்க வேண்டும் என்பதை மறந்துபோனார். மறந்தது அவர் குற்றமா, அல்லாஹ்வின் வேலையா என்று இன்றைக்கும் அவர் முடிவுசெய்யவில்லை.

"கல்லடியை வசிப்பிடமாகக் கொண்ட நல்லரத்தினம் அவர்கள் காலமானார்."

அவருடைய குரலிலேயே. மனிசன் சொன்னபடி பதிந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. தைத்துக்கொண்டிருந்த துணியில் கண்ணீர் விழுந்தது. அம்மா மற்ற ஆட்களைப் போலப் பெயர் வரைக்கும்தான் கேட்டார். "என்ட ஒரு சொல்லுக்காக நாலு வருசம் குரல அணைச்ச பிள்ளை" என்று தலையில் கைவைத்துக்கொண்டு உடனே வெளியே ஓடினார். நான்தான் கடைசிவரை கேட்கிறவள் ஆயிற்றே, நின்று கேட்டேன்.

"அன்னார் சீதேவிப்பிள்ளையின் அன்புக் கணவர் ஆவார்."

என் கண்ணீர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நாலு வருசம் என்னைக் காக்கவைத்துவிட்டு, யாரந்தச் சீதேவிப்பிள்ளை? செத்தாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று நானும் ஓடினேன்.

அவர் வீட்டு வாசலில் அம்மா ஏற்கனவே நிலத்தில் விழுந்து அழுதுகொண்டிருந்தார். முதலில் "தம்பி, தம்பி" என்றுதான் அழுதார். பிறகு அது மாறிவிட்டது. "என்ட மனிசா, மீன் வாங்கப் போறனெண்டு போனியே, உன்ட முகத்தையும் நான் காணல்லியே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். அத்தனை வருசமும் அடைத்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. எனக்குச் சீதேவிப்பிள்ளை மறந்துபோய், நானும் பக்கத்தில் இருந்து அழுதேன். அம்மாவுக்கு முன்னால் நான் அப்பாவுக்காக அழுதது அன்றைக்குத்தான்.

நிமிர்ந்து பார்த்தால், கதவடியில் நல்லரத்தினம். போர்வையும், கையில் கொத்தமல்லித் தண்ணியும். அழுகிறவர்களை இடையில் மறிக்கக் கூடாது என்பது அவருடைய தொழில் ஒழுங்கு. ஆகவே தன் செத்த வீட்டில் ஒரு சத்தமும் போடாமல் நின்றிருக்கிறார். அம்மா ஓய்ந்த பிறகு, அடைத்த தொண்டையால் மெல்லச் சொன்னார்.

"அம்மா, நான் இரிக்கன்."

எனக்குக் கோபம் திரும்பி வந்துவிட்டது. சீதேவிப்பிள்ளை யார் என்று கேட்டேன்.

"அது மற்ற நல்லரத்தினத்தாருட மனிசி. பாவம், அன்னாருக்கும் இப்ப ஏலாது."

உயிரோடு இருக்கும் மனிசியை அப்போதும் அன்னார் என்கிறார். எனக்குச் சிரிப்பு வெடித்தது. அம்மா என்னை முறைத்தார். ஆனால் அந்தக் கொத்தமல்லித் தண்ணியை அவர் கையிலிருந்து வாங்கிக் குடித்தார். குடித்து முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பொட்டும் கொஞ்சம் அழிந்திருந்தது.

"காய்ச்சல் மாறினதும் எங்கட ஆளையும் ஒருக்காச் சொல்லு மகன்" என்றார். "அன்னார் எண்டே சொல்லு."

அவர் தலையாட்டினார். அம்மா எழும்பி, படலை வரைக்கும் போய்த் திரும்பினார்.

"மாமனார் எண்டும் ஒண்டு வருமே, அதையும் போடு."

"ஆருக்கு மாமனார் எண்டு போடுற?" என்று அவர் கேட்டார். தொழில் விசயத்தில் அவருக்குச் சந்தேகம் இருக்கக் கூடாது.

"உனக்குத்தான்."

அடுத்த கிழமை அவர் கசெற் போடாமல் தானே மைக்கைப் பிடித்தார். உசனார் எங்கள் ஒழுங்கைக்குள் ஆட்டோவை ஆறுதலாக, மெல்ல ஓட்டினார். பூபாலப்பிள்ளை என்ற பெயர் வந்ததும் வீட்டுக்கு வீடு பெண்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். வழக்கம்போல அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் கேட்கவில்லை; எங்கள் கலியாணச் செய்தியை அவர்கள் பிறகுதான் அறிந்தார்கள். "அன்னார் நல்லரத்தினத்தின் அன்பு மாமனாரும் ஆவார்" என்ற வரியில், நல்லரத்தினத்தின் என்றதோடு மூச்சைத் தப்பாக விட்டு, தன்னையே அன்னார் ஆக்கிவிட்டார். அம்மாவும் நானும் படலையில் நின்று கடைசிவரை கேட்டோம்.