மலைக்கு ஒரு மடக்குக்கத்தி

கத்தி வாங்கப் போகும்போது என்னிடம் மூன்று நிபந்தனைகள் இருந்தன. கனமில்லாமல் இருக்க வேண்டும். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். தூண்டில் நரம்பையும் மீனின் வயிற்றையும் ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். நான்காவதாக ஒன்று உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே டூல் ரூம் ஆட்கள் சிலர் ஒவ்வொரு வருடமும் பொங்கல் கழித்து நாகலாபுரம் பக்கத்து மலைகளுக்குப் போவார்கள். முதுகில் பை, கையில் தூண்டில். ஓடையோரம் நடந்து, மடுவில் மீன் பிடித்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கறுத்துப்போய்த் திரும்புவார்கள். அந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு எனக்கும், டிராயிங் பிரிவில் இருந்த என் தோழிக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. ஒருநாள் பெண்கள் நாங்கள் இருவரும் கேட்டே விட்டோம்.

அவர்களை அழைத்துப் போகும் மூத்த ஃபிட்டரை எல்லோரும் அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவார்கள். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

“வாங்க, யாரு வாணாம்னது? ஆனா உங்க மூட்டய நீங்கதான் தூக்கணும். அவங்கவங்க புடிச்ச மீன அவங்கவங்கதான் அறுக்கணும். அங்க வந்து அருவாமனை எங்கன்னு தேடிகினு இருக்கக் கூடாது.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“மொதல்ல ஒரு ஞாயித்துக்கெழம கள்ளிக்குப்பம் ஏரிக்கு வாங்க. மூட்டயோட நடந்து, மீன் புடிச்சி, அறுத்துக் காட்டுங்க. அப்பால பாக்கலாம்.”

அதாவது, ஏரிக்கரையில் தேறினால் மலை. இல்லாவிட்டால் அடுத்த வருடமும் டீ நேரத்தில் கதை கேட்பதுதான்.

ஆவடியில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. கான்வாஸ் பைகளையும் அங்கேதான் வாங்கினோம். கடைக்காரர் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். கத்திகள் கொட்டின. முதலில் என் கண்ணில் பட்டது பல அலகுகள் கொண்டது: கத்தரிக்கோல், திருப்புளி, டப்பா திறப்பான், ரம்பம்.

“இதுல அம்மிக்கல்லு மட்டும்தான் இல்ல,” என்றாள் தோழி.

அடுத்ததை விறகு வெட்டத்தான் எடுத்துப் போகலாம். மூன்றாவது மரப்பிடி போட்டது. அலகு மெல்லியது, பளபளப்பானது. தராசில் வைத்தால் ஒரு சாத்துக்குடியின் எடைகூட இல்லை. அலகை ஆட்டிப் பார்த்தேன், அசைவு இல்லை. வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தேன், கோணல் இல்லை. மூன்று நிபந்தனைகளும் சரியாக இருந்தன. திருப்தியோடு வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை ஜிலேபி மீன் வாங்கிப் பின்கட்டில் பலகைமேல் வைத்து, கத்தியைக் கையில் பிடித்தேன். செதிலின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. அழுத்தினால் மீன் நழுவியது. மீனைப் பிடித்தால் கத்தி நழுவியது. துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி, மீனுக்கு சவரம் பண்ணிகினு கீறே?”

கத்தியில் குறை எதுவும் இல்லை. என் கைதான் கத்தியைப் பிடித்துப் பழகாதது. சின்ன வயதிலிருந்து நான் அறுத்ததெல்லாம் அரிவாள்மனையில். அதில் அலகு அசையாது. காயோ மீனோதான் அதை நோக்கிப் போகும். தொழிற்சாலை லேத்திலும் அப்படித்தான்: சுழல்வது இரும்பு, வெட்டும் முனை அது பாட்டுக்கு நிற்கும். எனக்குத் தெரிந்த வழி அதுதான் என்றால், கத்தியை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது?

உட்கார்ந்து, பிடியை இரண்டு பாதங்களுக்கு நடுவே இறுக்கி, கூர்ப்பக்கம் என்னைப் பார்க்க நிறுத்தினேன். மீனை இரண்டு கையாலும் தள்ளினேன். வயிறு தையல் பிரிந்த மாதிரித் திறந்தது. அடுத்ததில் அலகு முள்ளில் சிக்கிக்கொண்டது. மீனைப் பின்னால் இழுத்தேன். அலகும் கூடவே வந்து படக்கென்று மடங்கியது. பாதத்தின் ஓரத்தில் ஒரு கீறல். ஆழமில்லை. கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை நடந்தே போயிருக்க முடியாது.

“போதும் உன் மல,” என்றாள் அம்மா, மஞ்சளை வைத்து அழுத்தியபடி.

நான்காவது நிபந்தனை அதுதான்: விரித்த கத்தி, நானாக மடக்கும்வரை மடங்கக் கூடாது.

அன்று மாலையே மறுபடி ஆவடி. டப்பாவின் அடியில் கிடந்த ஒன்றின் கழுத்தில் இரும்பு வளையம் இருந்தது. வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். அலகில் அங்கங்கே துருப்புள்ளி. எடை முந்தியதைவிடக் கொஞ்சம் குறைவுதான். செருப்பைக் கழற்றிவிட்டு அங்கிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து, கத்தியைப் பாதங்களுக்கு நடுவே பிடித்து, ஒரு கயிற்றுத் துண்டை அதில் தள்ளி, வேண்டுமென்றே பின்னால் இழுத்தேன். அலகு அசையவில்லை.

கடைக்காரர் வாயைப் பிளந்தார். “கத்திய கால்ல வெச்சிப் பாக்குற மொத கிராக்கி நீதாம்மா.”

பழையதை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்தார். வளையம் சற்றுத் தொளதொளத்தது. வீட்டில் இடுக்கியால் நெருக்கி, அலகைத் தீட்டி எண்ணெய் தடவினேன்.

மறுநாள் மூட்டையைச் சுமந்து நடந்து ஏரிக்கரை சேர்ந்தோம். தோழியின் தூண்டிலில்தான் முதலில் தக்கை அமிழ்ந்தது. அவள் அதைத் தன் வீட்டுக் கத்தியால் அறுத்து முடித்தாள். பிறகு எனக்கும் மூன்று விழுந்தன. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்து, வளையத்தைத் திருகிப் பூட்டி, கத்தியை நிறுத்தினேன்.

“மாமே, இங்க பார்ரா! காலால அறுக்குது!” என்று ஒருவர் கத்த, எல்லோரும் தூண்டிலைப் போட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். சின்ன மீன்கள் சுலபமாக முடிந்தன. மூன்றாவது பெரியது. பாதி அறுத்ததும் முள்ளில் மாட்டியது. பாதத்துக் கீறல் சுரீர் என்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் இழுத்தேன். அலகு நின்ற இடத்திலேயே நின்றது. மீன் விடுபட்டு வந்தது. மறுபடி தள்ளினேன், முடிந்தது.

அண்ணாத்தே குனிந்து பார்த்தார்.

“அடிப்பாவி, அருவாமனையே மடிச்சி எடுத்துகினு வந்துட்டியா?”

“தேட வாணாம்னீங்களே அண்ணாத்தே.”

அவர் சிரித்துக்கொண்டே தன் கெண்டைகளை என் பக்கம் நகர்த்தினார். “அப்டியே இதயும் அறுத்துக் குடு.”

“அவங்கவங்க புடிச்ச மீன அவங்கவங்கதான் அறுக்கணும்.”

கரை முழுக்கச் சிரிப்பு. அவர் தன் கத்தியை எடுத்து, தலையை ஆட்டியபடி அறுக்க ஆரம்பித்தார். ஒரு மீன் முடிந்த பிறகு, நிமிராமலே சொன்னார்:

“பொங்க முடிஞ்சி வர்ற சனிக்கெழம, மொத ரயிலு. லேட்டா வந்தீங்கன்னா உட்டுட்டுப் பூடுவோம், ஆமா.”

தோழி என் தோளைக் கிள்ளினாள். நான் கத்தியை ஏரித் தண்ணீரில் கழுவி, முந்தானையில் துடைத்து, வளையத்தைத் தளர்த்தி மடக்கினேன்.

பொங்கலுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. அன்று மாலையே பையைக் கட்டி வைத்துவிட்டேன்.